தூண்டுகோல் யார் கையில்?

வகுப்பில் ஊக்கம் என்பது சுவரில் மாட்டிய படங்களிலிருந்து மட்டும்தான் வர வேண்டுமா? தங்களைத் தூண்டியது எது என்று பிள்ளைகளே சொல்ல ஆரம்பித்தால் என்ன நடக்கும்?

கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரைத் தாண்டிக் கவுஞ்சிக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுபவை படிப்படியாக இறங்கும் தோட்டங்கள். மேலே கேரட், அதற்குக் கீழே உருளைக்கிழங்கு, ஓடையை ஒட்டி மலைப்பூண்டு. பனி இன்னும் விலகாத காலை. மூட்டை சுமந்து வரும் குதிரைக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று, பிறகு பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடக்கிறார்கள் ஸ்வெட்டர் போட்ட பிள்ளைகள். எந்தப் பாத்தி எந்த வாரம் அறுப்புக்கு வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். பூண்டுத் தாள் எந்த அளவுக்குப் பழுத்தால் பிடுங்கலாம் என்பதும் தெரியும். வடுகபட்டிச் சந்தையில் நேற்று என்ன விலை போனது என்பதை வீட்டில் நடக்கும் பேச்சிலிருந்தே தெரிந்துகொண்டு வருவார்கள்.

பள்ளிக்குள் நுழைந்ததும் இதெல்லாம் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

காலை வணக்கக் கூட்டத்தில் ஒரு பிள்ளை திருக்குறள் சொல்லும். இன்னொன்று செய்தித்தாளிலிருந்து நான்கு தலைப்புகளை வாசிக்கும். மூன்றாவது, "இன்றைய பொன்மொழி" என்று ஆரம்பித்து விவேகானந்தர் பெயரிலோ அப்துல் கலாம் பெயரிலோ ஒரு வரியை ஒப்பித்துவிட்டு வரிசைக்குத் திரும்பும். தமிழ்நாட்டின் பெரும்பாலான பள்ளிகளில் ஊக்கம் என்ற பெயரில் தினமும் நடப்பது இதுதான். கேட்டுக்கொண்டு நிற்பவர்களுக்கு அந்த வரி முதல் மணி அடிக்கும் வரைகூட நினைவில் நிற்பதில்லை.

பிறகு தமிழ்ப் பாடவேளையில் அந்தப் பழைய கட்டுரைத் தலைப்பு வரும்: "நான் விரும்பும் தலைவர்". காமராசர் 1903 ஜூலை 15 அன்று விருதுநகரில் பிறந்தார், பெற்றோர் குமாரசாமி, சிவகாமி, கல்விக்கண் திறந்தார், முடிவுரை. கைடில் இருக்கும் அதே பதினைந்து வரி. நாற்பது நோட்டிலும் ஒரே தலைவர், ஒரே உட்தலைப்புகள். பிழை என்று சிவப்பு மையில் சுழிக்க ஒன்றும் இருக்காது. ஆனால் அந்தத் தலைவரை ஏன் விரும்புகிறோம் என்பதை எழுதிய பிள்ளையிடம் யாரும் கேட்பதும் இல்லை.

இத்தனைக்கும் மேல்மலையில் காமராசர் வெறும் கட்டுரைத் தலைப்பு அல்ல. 1954 முதல் 1963 வரை அவர் முதலமைச்சராக இருந்த காலத்தில்தான் தமிழகக் கிராமங்களில் பள்ளிகள் வேகமாகப் பெருகின, மதிய உணவுத் திட்டம் பரவியது. "உங்க தாத்தா எங்கே படிச்சாரு, அவர் படிச்சப்போ சோறு போட்டாங்களா, வீட்டில் கேட்டு எழுதிட்டு வா" என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னால் போதும். நாற்பது நோட்டிலும் நாற்பது காமராசர் வருவார்.

விளக்கும் திரியும்

தூண்டுகோல் என்ற சொல்லை எல்லோரும் மேடையில் பயன்படுத்துகிறோம். அது விளக்கின் திரியை முன்னே தள்ளிவிடும் சிறு குச்சி. எண்ணெயும் திரியும் நெருப்பும் விளக்கில் ஏற்கெனவே இருப்பவை. குச்சிக்கு அதிக வேலை இல்லை. நம் பள்ளிகளோ திரி இருக்கிறதா என்று பார்க்காமலே குச்சிகளை அடுக்கிக்கொண்டே போகின்றன.

ஒரு பிள்ளையிடம் திரி இருப்பது எப்படித் தெரியும்? கேட்டால்தான் தெரியும். பிள்ளைகளை ஒருவரோடொருவர் பேசவிட்டால், ஒருவருடைய திரியிலிருந்து இன்னொருவருடையது பற்றிக்கொள்வதையும் பார்க்கலாம். கல்வியாளர்கள் இதைப் பல பெயர்களில் சொல்லிவந்திருக்கிறார்கள். நமக்குப் பக்கத்திலேயே பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது.

ராமேசுவரம் பஞ்சாயத்துத் தொடக்கப் பள்ளி, ஐந்தாம் வகுப்பு. ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் கரும்பலகையில் பறவை வரைந்து, இறக்கை எப்படி அசைகிறது, வால் எப்படித் திருப்புகிறது என்று விளக்குகிறார். முடித்துவிட்டுப் புரிந்ததா என்று கேட்கிறார். புரியவில்லை என்கிறான் சிறுவன் அப்துல் கலாம். மற்றவர்களும் அதையே சொல்கிறார்கள். ஆசிரியர் கோபப்படவில்லை. மாலையில் வகுப்பையே கடற்கரைக்கு அழைத்துப் போய்ப் பறக்கும் பறவைகளைக் காட்டுகிறார். தன் வாழ்க்கை விமானத்தை நோக்கித் திரும்பிய இடம் அதுதான் என்று கலாம் மேடை மேடையாகச் சொன்னார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பறவையோடு நிறுத்திவிடுகிறார்கள். நாம் கவனிக்க வேண்டிய இடங்கள் வேறு இரண்டு. "புரியலை" என்று பயமில்லாமல் சொல்ல அந்த வகுப்பில் இடம் இருந்தது. ஆசிரியர் கூட்டிப்போன கடற்கரையும் அந்தப் பிள்ளைகள் தினமும் ஓடியாடிய கடற்கரைதான். புது இடம் எதுவும் தேவைப்படவில்லை.

---
■ மேல்மலைப் பிள்ளைகளின் கைக்கெட்டும் தூரத்தில்

சூரியன்: கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-இல் தொடங்கப்பட்டது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் இங்கிருந்துதான் கண்டறிந்தார். அது இன்றும் 'எவர்ஷெட் விளைவு' என்றே அறியப்படுகிறது. ஆய்வகத்தை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம்தான் ஆதித்யா எல்1 விண்கலத்தின் முதன்மைக் கருவியையும் உருவாக்கியது. 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட அந்தத் திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டைக்காரர்.

பூண்டு: கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது.

ஆடு: மன்னவனூரில் மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் இயங்குகிறது. பாரத் மெரினோ ஆடுகள் இங்கே வளர்க்கப்படுகின்றன.

பூ: குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். இங்கே கடைசியாகப் பூத்தது 2018.

---

கம்பிப் பந்தலில் தொங்கியது

பிள்ளைகளின் கைவேலையைக் காட்டும் வகுப்பறை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ஆந்திரத்தின் ரிஷிவேலி பள்ளி தன் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்காக உருவாக்கிய முறையிலிருந்து எடுத்து, மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். 2007-08 கல்வியாண்டில் அது மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. சுவரின் கீழ்ப்பகுதியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டுக் கரும்பலகை கிடைத்தது. தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி கட்டினார்கள். அதற்குக் கம்பிப் பந்தல் என்று பெயர். வரைந்ததையும் எழுதியதையும் பிள்ளைகள் அதில் மாட்டினார்கள்.

பல பள்ளிகளில் அந்தக் கம்பி பிறகு துருப்பிடித்தது, அல்லது அதிகாரிகள் வரும் நாளுக்கென்று அட்டைகளைச் சுமந்தது. ஆனாலும் அந்த யோசனை நல்லது. ஒரு பிள்ளை செய்ததை இன்னொரு பிள்ளை அண்ணாந்து பார்க்கும். ஆசிரியர் நடுவில் நின்று மொழிபெயர்க்கத் தேவையில்லை.

அதற்கும் முன்னால் கையெழுத்துப் பத்திரிகை இருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே கதை எழுதி, படம் வரைந்து, தைத்து, ஒரே ஒரு பிரதியைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்த காலம். அழ. வள்ளியப்பா 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கியபோது இருந்த சூழல் அதுதான். 1987 முதல் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இதழ் அறிவியல் பக்கம் கதவைத் திறந்தது. 2022-இல் பள்ளிக் கல்வித்துறையே தேன்சிட்டு, ஊஞ்சல் இதழ்களைக் கொண்டுவந்தது. மாணவர்களின் எழுத்தும் ஓவியமும் அவற்றில் வருகின்றன. அதே ஆண்டில் வானவில் மன்றம், கலைத்திருவிழா, பள்ளிகளில் சிறார் திரைப்படம் என்று பல வாசல்கள் திறந்தன.

வாசல்களுக்குக் குறைவில்லை. அவற்றின் வழியாக உள்ளே வருவது பிள்ளையா, பிள்ளைக்கு எழுதிக் கொடுத்த உரையா என்பதுதான் சிக்கல். பேச்சுப் போட்டி என்று அறிவித்ததும் ஒரு ஆசிரியர் எழுதுகிறார், ஒரு பெற்றோர் மனப்பாடம் செய்ய வைக்கிறார், கை எப்போது உயர வேண்டும் என்பதுகூட ஒத்திகை பார்க்கப்படுகிறது. பரிசு வாங்கிய பிள்ளையிடம் மறுநாள் "நீ சொன்னதிலே உனக்கு எது பிடிச்சது?" என்று கேட்டால் முழிக்கும். பிள்ளையைக் குறை சொல்ல முடியாது.

என்ன கேட்பது, எப்படிக் கேட்பது

"உனக்கு முன்மாதிரி யார்?" என்று கேட்டால் பிள்ளைக்கு உடனே தெரிந்துவிடும், இது சரியான விடை உள்ள கேள்வி என்று. கலாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடும். "போன வாரம் எதைப் பார்த்து அப்படியே நின்னுட்டே?" என்று கேட்டால் விடைத்தாள் கிடையாது. "நீ செய்றதை யார்கிட்ட கத்துக்கிட்டே?" என்பதும் அப்படிப்பட்ட கேள்விதான்.

கவுஞ்சி வகுப்பு ஒன்றில் இந்தக் கேள்விகள் விழுந்தால் என்னென்ன வரக்கூடும்? பழுதான மருந்தடிக்கும் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டு மாட்டிய சித்தப்பா. வளைவில் ஹாரன் அடிக்காமல் சாமர்த்தியமாக வண்டி திருப்பும் பேருந்து ஓட்டுநர். புகை போட்ட அறையில் கொத்துக் கொத்தாகப் பூண்டைக் கட்டித் தொங்கவிட்டுக் கெடாமல் காக்கும் அம்மா. யூடியூபில் பார்த்த பறை இசை. மன்னவனூரில் கத்தரித்த கம்பளி. இவற்றில் எதுவும் பொன்மொழிப் பலகைக்கு ஏறாது. ஆனால் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பாடம் இருக்கிறது. புகையில் பூண்டு ஏன் கெடுவதில்லை என்பது நேராக அறிவியல் பாடம்.

பிள்ளைகளைப் பேசவைக்கும் இந்த வேலையை ஜப்பானில் சாப்பாட்டு நேரத்தில் செய்தார் ஒரு தலைமை ஆசிரியர். டோக்கியோவின் தோமோயி பள்ளியை நடத்திய சோசாகு கோபயாஷி, மதிய உணவின்போது தினம் ஒரு பிள்ளையை நடுவில் நிற்கவைத்துப் பேசச் சொன்னார். எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். சொல்ல ஒன்றுமே இல்லை என்று ஒரு பையன் நின்றபோது, காலையில் எழுந்ததிலிருந்து என்ன செய்தாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுப் பேசவைத்தார். அங்கே படித்த தெத்சுகோ குரோயாநாகி 1981-இல் எழுதிய 'டோட்டோ-சான்' மூலம் இது உலகத்துக்குத் தெரிந்தது. தமிழ் மொழிபெயர்ப்பைத் தமிழ்நாட்டு ஆசிரியர்கள் பலர் படித்திருக்கிறார்கள். அந்தப் பையனின் பேச்சில் பெரிய விஷயம் எதுவும் இல்லை. தான் சொல்வதையும் நாலு பேர் கேட்பார்கள் என்று அன்று அவனுக்குத் தெரிந்தது.

---
■ ஒரு பாடவேளை போதும்

முதலில் ஆசிரியர் தன்னுடையதைச் சொல்ல வேண்டும். பொய்யில்லாமல், சிறியதாக. மேடைப் பேச்சு வேண்டாம்.

அடுத்து பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவரிடம் மட்டும் சொல்லட்டும். வகுப்பு முழுவதற்கும் முன்னால் சொல்வது அதற்கப்புறம்.

பொருள் கொண்டுவரச் சொன்னால், காசு கொடுத்து வாங்கியது கூடாது என்று சொல்லிவிட வேண்டும். கல், விதை, பழைய போட்டோ, கிழிந்த கையுறை, எதுவானாலும் சரி.

"இன்னைக்கு வேணாம் சார்" என்று சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு.

மதிப்பெண் கிடையாது, பரிசு கிடையாது. பேசும்போது இடையில் புகுந்து உச்சரிப்பைத் திருத்துவதும் கிடையாது.

---

அடுத்து என்ன ஆகும்

முதல் விளைவு மொழியில் தெரியும். வீட்டில் பேசும் தமிழில் பேசச் சொன்னால் பிள்ளை நாலு வாக்கியம் தொடர்ந்து பேசும். ஒப்பிக்கும்போது வராத "ஏன்னா", "ஆனா", "அப்புறம்" எல்லாம் தானாக வரும். காரணமும் தொடர்பும் காட்டும் இந்தச் சொற்கள்தான் பின்னால் கட்டுரையின் முதுகெலும்பு. பேசியதை எழுதச் சொன்னால் நோட்டில் முதல்முறையாகச் சொந்த வாக்கியம் விழும். எழுத்துத் தமிழுக்கு அங்கிருந்து கைப்பிடித்துக் கூட்டிப் போகலாம்.

இரண்டாவது விளைவு ஆசிரியருக்கு. மேல்மலைப் பள்ளிக்கு மாறுதலில் வரும் ஆசிரியர் பெரும்பாலும் சமவெளிக்காரர். ஊரைத் தெரிந்துகொள்ள அவருக்கு வேறு வழி குறைவு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் டூசான் நகரில் லூயிஸ் மால் உள்ளிட்ட ஆய்வாளர்கள், மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளின் வீடுகளுக்கு ஆசிரியர்களையே அனுப்பினார்கள். படிக்காத குடும்பம் என்று நினைத்திருந்த வீடுகளில் விவசாயம், கட்டடம், மருத்துவம், வியாபாரம் என்று அறிவு குவிந்து கிடந்ததை ஆசிரியர்கள் கண்டார்கள். மெக்சிகோ மிட்டாய் விற்றுவந்த ஒரு பையனிடமிருந்து மிட்டாயைப் பற்றியே ஒரு பாடத்தொடர் பிறந்தது. ஒரு தாய் வகுப்புக்கு வந்து மிட்டாய் செய்து காட்டினார். 1992-இல் வெளியான அந்த ஆய்வு இன்றும் ஆசிரியர் பயிற்சிகளில் பேசப்படுகிறது.

மிட்டாய்க்குப் பதில் பூண்டை வைத்துப் பாருங்கள். கூலி, விதைச் செலவு, வண்டி வாடகை, வடுகபட்டி விலை: கணக்குப் பாடத்தின் லாப நட்டம் அப்படியே இருக்கிறது. வகுப்பில் நிற்கப் போகும் அம்மாவுக்கு அன்று பள்ளிக்கூடம் வேறு இடமாகத் தெரியும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குக் கையெழுத்துப் போட மட்டும் வரும் இடமாக இருக்காது.

மூன்றாவது, பிள்ளைகளுக்கு இடையில். யாரும் கூட்டுச் சேர்க்காத ஒருத்தி, பேருந்து ஓட்டுநரைப் பார்த்துத் தானும் ஓட்டுநராக வேண்டும் என்று நினைப்பதைச் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அதைக் கேட்ட இன்னொருத்தி, அந்த வளைவில் அவர் ஏன் அங்கே நிறுத்துகிறார் என்று கேட்பாள். அந்தக் கேள்விதான் பகிர்வு. ஆசிரியர் பாராட்டுவதைவிடச் சக வயதுப் பிள்ளை கேட்கும் ஒரு கேள்விக்கு எடை அதிகம்.

வலிக்கும் இடங்கள்

இதில் ஆபத்தே இல்லை என்று சொன்னால் அது உண்மை ஆகாது.

"உங்க அப்பாவைப் பத்திச் சொல்லு" என்று கேட்ட மாத்திரத்தில் அப்பா இல்லாத பிள்ளை தலை குனியும். அப்பா என்ன வேலை செய்கிறார் என்ற கேள்வி, நம் ஊரில் சாதியைக் கேட்கும் கேள்வியாகவும் காதில் விழும். யார் தோட்டம் வைத்திருக்கிறார்கள், யார் அதில் கூலிக்குப் போகிறார்கள் என்பது மலைக்கிராமத்து வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். அதனால் கேள்வியைத் தொழிலின் மீது வைக்காமல் திறமையின் மீது வைக்க வேண்டும். "யார்கிட்ட எதைக் கத்துக்கிட்டே?" என்பதில் பாட்டிக்கும் பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் இடம் உண்டு.

இன்னொன்று, பிள்ளைகள் கொண்டுவரும் நாயகர்கள் எல்லோரும் நமக்குப் பிடித்தவர்களாக இருக்க மாட்டார்கள். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் சக மாணவர்களே ஒரு மாணவரை வீடு புகுந்து வெட்டிய பிறகு, அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் வந்த அதன் அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளிகளில் தடைசெய்யச் சொன்னது. கயிற்றைக் கழற்றிவிடலாம். கயிற்றைக் கட்டவைத்த பெருமிதம் எங்கிருந்து வருகிறது என்று பேச ஓர் இடம் வேண்டும். ஒரு பையன் தன் சாதித் தலைவரின் பெயரைச் சொன்னால் ஆசிரியர் முகம் சுளித்து "உட்காரு" என்று சொல்லலாம். அப்போது பேச்சு அங்கேயே முடியும், வெளியே வேறு இடத்தில் தொடரும். "அவர் செய்ததிலே எது உனக்குப் பிடிச்சது? அது எல்லாருக்கும் நல்லதா?" என்று கேட்டால் பேச்சு வகுப்புக்குள்ளேயே நீளும். எளிய வேலை இல்லை. ஆனாலும் இரண்டாவது வழிதான் சரி என்பதில் சந்தேகம் இல்லை.

ரீல்ஸுக்கும் இதே அணுகுமுறை பொருந்தும். செல்போனில் பார்த்த நடனத்தையோ விளையாட்டையோ பிள்ளை சொன்னால், "அதெல்லாம் படிப்பா?" என்று கேட்டு மூடிவிடுவது எளிது. ஒரு அசைவைச் சரியாகச் செய்ய எத்தனை தடவை பழகினாய் என்று கேட்டால் பேச்சு உழைப்பை நோக்கித் திரும்பும்.

இன்னொரு மலையிலிருந்து வந்த கடிதம்

கவுஞ்சியை நினைக்கும்போது இத்தாலியின் பார்பியானாவும் நினைவுக்கு வருகிறது. ஃபுளோரன்ஸ் நகருக்கு வடக்கே மலைமேல் சிதறிக் கிடந்த சில வீடுகள். 1954-இல் அங்கே அனுப்பப்பட்ட பாதிரியார் லோரன்சோ மிலானி, பள்ளியில் தோற்று வெளியேறிய விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்குத் தானே பள்ளி நடத்தினார். அங்கே எழுதும் முறை எளிமையானது. மனதில் பட்டதை ஒவ்வொருவரும் துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்வார்கள். பிறகு சீட்டுகளை மேசையில் பரப்பி, ஒத்தவற்றைச் சேர்த்து, வேண்டாததை நீக்கி, எல்லோருமாகச் சேர்ந்து ஒரு கட்டுரை ஆக்குவார்கள். அப்படி எட்டு மாணவர்கள் சேர்ந்து, தங்களைத் தோற்கடித்த ஆசிரியருக்கு எழுதிய கடிதம் 1967-இல் புத்தகமாக வந்தது. பல மொழிகளுக்குப் போய்த் தமிழுக்கும் வந்தது. ஒரு தேசத்தின் கல்வி விவாதத்தையே அது அசைத்தது.

அந்தச் சீட்டு முறைக்குச் செலவு இல்லை. பழைய நோட்டின் பின்பக்கமும் ஒரு சணல் கயிறும் போதும். ஓராசிரியர் பள்ளியிலும், ஐந்து வகுப்பு ஒரே அறையில் உட்காரும் ஈராசிரியர் பள்ளியிலும் நடக்கும். சொல்லப்போனால் அங்கே இன்னும் நன்றாக நடக்கும். ஐந்தாம் வகுப்பு அக்கா எழுதித் தொங்கவிட்டதை இரண்டாம் வகுப்புத் தம்பி எழுத்துக்கூட்டிப் படிப்பான்.

பாட்டியிடம் ஒரு கணக்கு

வயதைக் குறிஞ்சி பூத்ததை வைத்துக் கணக்கிடும் வழக்கம் மலைப் பழங்குடியினரான பளியர்களிடம் உண்டு என்று சொல்வார்கள். 1970, 1982, 1994, 2006, 2018. மேல்மலையில் அறுபதைத் தாண்டிய பாட்டி ஒருத்தி இந்த ஐந்தையும் பார்த்திருப்பாள். 2018-இல் கைக்குழந்தையாக இருந்தவர்கள் இன்று பள்ளி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அன்று இடுப்பில் தூக்கிப் போய்க் காட்டிய நீலம் அவர்கள் நினைவில் இருக்காது. அடுத்தது 2030-இல்.

இந்தக் கல்வியாண்டிலேயே ஒரு வகுப்பு இதை வீட்டுப்பாடமாக எடுக்கலாம். வீட்டில் மூத்தவர் யார், அவர் எத்தனை குறிஞ்சி பார்த்தார், அந்த வருஷம் தோட்டத்தில் என்ன போட்டிருந்தார்கள், ரோடு எதுவரை வந்திருந்தது, பள்ளிக்கூடம் எங்கே இருந்தது? ஆளுக்கு ஒரு சீட்டு. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் அவற்றை ஆண்டுவாரியாகக் கயிற்றில் மாட்டினால் ஊரின் அறுபது வருஷம் வகுப்பின் குறுக்கே தொங்கும். 2030 என்று எழுதிய காலிச் சீட்டு ஒன்றைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம்.